புயல் கூண்டு எண்களும் உங்கள் கம்ப்யூட்டரும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிவி செய்திகளில் தவறாமல் வரும் வாசகம் ஒன்று உண்டு. "நாகை துறைமுகத்தில் 2ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டுள்ளனர்." கேட்டுவிட்டு நாம் அடுத்த சேனலுக்குப் போய்விடுகிறோம். அந்த 2 என்ற எண் எதைச் சொல்கிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? அவர்கள் பார்க்கும் அதே தகவலை வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமும் பார்க்க முடியுமா? முடியும், செலவும் கிடையாது. பிரவுசரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் போதும். ஆனால் திரையில் வருவதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். தவறாகப் படித்தால் பார்க்காமல் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்துச் சிறுவாச்சூர். திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வருபவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். கிழக்கே கடற்கரை சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. (கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கடல் இருந்தது. காரைப் பக்கம் போனால் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களை இன்றும் பார்க்கலாம். அது வேறு கட்டுரைக்கான விஷயம்.) கடல் இல்லாத ஊர்க்காரனுக்குப் புயல் கூண்டோடு என்ன வேலை என்று கேட்கலாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா ஒருவரின் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஒரு முறை புயல் செய்தி வந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ரெண்டாம் நம்பர் கூண்டுன்னா என்னப்பா? பையன் கப்பல் எண்ணூர்லேருந்து கிளம்பிடுச்சாம். நீதான் கம்ப்யூட்டர்லயே இருக்கியே, பார்த்துச் சொல்லேன்."

"உக்காருங்கக்கா, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அன்று காட்டியவற்றை இன்னும் கொஞ்சம் விவரமாக இங்கே தருகிறேன்.

எண் பெரிதானால் ஆபத்து பெரிதா?

இந்தியத் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எச்சரிக்கை எண்கள் இருக்கின்றன. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எந்த எண்ணை ஏற்ற வேண்டும் என்று துறைமுகத்துக்குச் சொல்வது இந்திய வானிலை ஆய்வுத் துறை.

எண் 1 என்றால் கடலில் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று பொருள். எண் 2 என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது. இரண்டுமே துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து என்று சொல்வதில்லை. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கான முன்னறிவிப்பு அவை. அதனால்தான் ஒரே நாளில் சென்னை, கடலூர், நாகை, பாம்பன் என்று வரிசையாக எல்லா இடத்திலும் அதே எண் ஏறுகிறது. எண் 3 வந்தால் துறைமுகத்திலேயே திடீர்க் காற்றோடு மோசமான வானிலை வரலாம். எண் 4 வந்தால் துறைமுகத்துக்குப் புயல் அச்சுறுத்தல் இருக்கிறது, ஆனால் உச்சக்கட்ட முன்னேற்பாடு செய்யும் அளவுக்கு நிலைமை இன்னும் போகவில்லை.

5 முதல் 10 வரைதான் பலர் குழம்பும் இடம். 5, 6, 7 மூன்றும் புயலைக் குறிக்கின்றன. 8, 9, 10 மூன்றும் தீவிரப் புயலைக் குறிக்கின்றன. ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் எண்ணை மாற்றுவது புயலின் வேகம் அல்ல, அது போகும் பாதை. 5 அல்லது 8 என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடது பக்கத்தில் இருக்கும். 6 அல்லது 9 என்றால் வலது பக்கம். 7 அல்லது 10 என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகில் கரை கடக்கும். ஆகவே 8லிருந்து 9க்கு மாற்றினார்கள் என்றால் புயல் வலுத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல, பாதை மாறியிருக்கிறது.

11ஆம் எண்ணை "உலகத்திலேயே பெரிய புயல்" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று துறைமுக அதிகாரியே கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். ஒரு கம்ப்யூட்டர்க்காரனாக எனக்கு இந்த எண் மிகவும் பிடிக்கும். தகவல் வரவில்லை என்பதையே ஒரு தகவலாக அறிவிக்க வழி செய்திருக்கிறார்கள். நாம் எழுதும் எத்தனையோ சாஃப்ட்வேர்களில் இது கிடையாது. சர்வர் இணைப்பு போனாலும் கடைசியாகக் கிடைத்த பழைய எண்ணையே காட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

இடது, வலது ஏன் முக்கியம்?

பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. பாம்பு சுருண்டிருப்பது போல என்று நினைத்துத்தான் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848ல் வெளியிட்ட மாலுமிகளுக்கான நூலில் இதற்கு 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் வழங்கும் சொல் நம் வங்கக் கடலில் பிறந்தது.

புயல் போகும் திசையைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலது கைப் பக்கம் சுழலும் காற்றும் புயல் நகரும் வேகமும் ஒரே திசையில் சேர்கின்றன. இடது பக்கம் ஒன்றை மற்றொன்று குறைக்கிறது. மாலுமிகள் வலது பாதியை ஆபத்துப் பாதி என்றே சொல்வார்கள். புயலின் பாதைக்கே கப்பலை இழுத்துச் செல்லும் காற்றும் அந்தப் பாதியில்தான் வீசும்.

நம் கரைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கி வருபவை. அப்படியானால் வலது பக்கம் என்பது வடக்கு. புயல் கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே கடலிலிருந்து கரைக்குக் காற்று அடித்துக் கடல் நீரை உள்ளே தள்ளும். தெற்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்றில் கடல் ஊருக்குள் வர, மற்றொன்றில் கடல் உள்வாங்குவது இதனால்தான்.

கடலில் இருப்பவருக்கு ஒரு எளிய வழியும் உண்டு. காற்று வரும் திசையை நேராகப் பார்த்து நின்றால், புயலின் மையம் உங்கள் வலது கைப் பக்கம், சற்றே பின்னால் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பைஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானியின் பெயரால் அறியப்பட்ட விதி இது. பேட்டரி தேவைப்படாத கருவி!

எந்தத் தளத்தைப் பார்ப்பது?

முதலில் போக வேண்டியது வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' தளம். அட்ரஸ் பாரில் மௌசம் டாட் ஐஎம்டி டாட் கவ் டாட் இன் என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதில் சைக்ளோன் என்ற பகுதியைக் கிளிக் செய்தால் புயல் அறிக்கைகள் கிடைக்கும். மீனவர் எச்சரிக்கை, துறைமுக எச்சரிக்கை, கப்பல்களுக்கான கடல் அறிக்கை எல்லாம் தனித்தனியே இருக்கும். அலைகளுக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். 1999ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. 2007லிருந்து சுனாமி எச்சரிக்கை மையமும் இங்கேதான் இயங்குகிறது. இரண்டு தளங்களையும் உடனே புக்மார்க் செய்துவிடுங்கள். புயல் அன்று தேடினால் முதலில் யூட்யூப் வீடியோக்கள்தான் வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. அறிக்கைகள் பெரும்பாலும் பிடிஎஃப் ஃபைலாக டவுன்லோட் ஆகும். நேற்று இறக்கியதும் இன்று இறக்கியதும் ஏறக்குறைய ஒரே பெயரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். அவசரத்தில் பழையதைத் திறந்து அதையே உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஃபைலைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது தேதியும் நேரமும். அதற்குப் பிறகுதான் மற்றவை. இணையப் பக்கமும் பிரவுசரில் சேமித்த பழைய பக்கமாக இருக்கலாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப்5 தட்டுங்கள். புதிய பக்கம் வரும்.

நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில இடங்களில் இந்திய நேரம் இருக்கும். வேறு சில இடங்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரம் இருக்கும். யுடிசியுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். 0300 யுடிசி என்றால் நமக்குக் காலை 8.30. அதை அதிகாலை 3 மணி என்று படித்தால் அறிக்கை எவ்வளவு புதியது என்ற கணக்கே தப்பிவிடும்.

காற்றின் வேகத்தைக் கப்பல்காரர்கள் நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118லிருந்து மிகத் தீவிரப் புயல். புயலுக்குப் பெயர் வைப்பதும் 62ஐத் தொட்ட பிறகுதான். அதற்கு முன் பெயரைப் போட்டுத் தேடினால் யாரோ முன்கூட்டி ஊகித்து எழுதியதுதான் கிடைக்கும்.

ஒரே புயலுக்கு நம் வானிலைத் துறை ஒரு வேகமும் அமெரிக்கத் தளம் ஒன்று அதைவிடக் கூடுதல் வேகமும் காட்டுவதைப் பார்த்து "நம்மவர்கள் மறைக்கிறார்கள்" என்று கமென்ட் போடுபவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்கள் தருவது 3 நிமிடச் சராசரி, அமெரிக்கர்கள் தருவது 1 நிமிடச் சராசரி. குறைந்த நேரத்துச் சராசரி எப்போதும் சற்று அதிகமாகத்தான் வரும்.

புள்ளியா, நிமிடமா?

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

அறிக்கையில் புயலின் இருப்பிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தருவார்கள். உதாரணத்துக்கு 9.1 வடக்கு, 82.1 கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். கூகுள் மேப்ஸ் தேடல் கட்டத்தில் 9.1, 82.1 என்று நடுவில் காற்புள்ளி வைத்து டைப் செய்து என்டர் தட்டினால் கடலில் அந்த இடம் தெரியும். அங்கே ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, நாகப்பட்டினத்தில் கிளிக் செய்யுங்கள். தூரம் வந்துவிடும்.

மேப் இல்லாமலும் கணக்கிடலாம். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். நம் பகுதியில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 109. நாகை இருப்பது 10.77 வடக்கு, 79.84 கிழக்கு. வித்தியாசம் முறையே 1.67, 2.26. கிலோமீட்டரில் 185, 246. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தை எக்செலில் போட்டால் சுமார் 308 கிலோமீட்டர் என்று விடை வரும்.

இங்கே எண்கள் தசமத்தில் இருந்தன. ஆனால் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். கருவியில் 10 டிகிரி 45 நிமிடம் என்று இருப்பதை ஒருவர் போனில் "பத்து, நாற்பத்தைந்து" என்று சொல்ல, நீங்கள் மேப்பில் 10.45 என்று அடித்தால் என்ன ஆகும்? 45 நிமிடம் என்பது 45ஐ 60ஆல் வகுத்த 0.75. சரியான எண் 10.75. நீங்கள் அடித்த இடம் 0.30 டிகிரி, அதாவது 33 கிலோமீட்டர் தெற்கே இருக்கும். கடலில் தத்தளிக்கும் படகைத் தேடும் ஹெலிகாப்டருக்கு 33 கிலோமீட்டர் என்பது ஒரு நாளையே வீணாக்கப் போதுமானது. இலங்கைக் கடல் எல்லை அருகே மீன் பிடிப்பவருக்கு இந்தப் பிழையின் விலை வேறு விதமானது. ஆகவே இருப்பிடத்தை வாங்கும்போதே "டிகிரி, நிமிடமா, இல்லை புள்ளி வைத்த டிகிரியா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வகுத்துப் பார்க்க விண்டோஸில் உள்ள கால்குலேட்டர் போதும்.

ஒரு நிமிட அட்சரேகைதான் ஒரு கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட். கப்பல்காரர்கள் கிலோமீட்டருக்கு மாறாததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, அவர்கள் கணக்கு நேராக வரைபடத்திலேயே உட்காருகிறது.

கூம்பும் வண்ணப் படமும்

புயல் பாதைப் படத்தில் ஒரு கோடும் அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பும் இருக்கும். கூம்பு விரிவதால் புயல் பெரிதாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நாளாக ஆகக் கணிப்பில் பிழை கூடும் என்பதைத்தான் அது காட்டுகிறது. மையம் கூம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். நடுக்கோட்டை மட்டும் பார்த்து "நம் ஊருக்கு இல்லை" என்று முடிவு செய்யக்கூடாது. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் இருக்கும்.

விண்டி என்ற தளம் பலருக்குத் தெரிந்திருக்கும். காற்று ஓடுவதை அழகான அனிமேஷனாகக் காட்டும். பார்க்க ரசனையாக இருக்கும். ஆனால் அது காட்டுவது கம்ப்யூட்டர் மாடலின் கணிப்பு, நேரடிப் படம் அல்ல. ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் மாற்றி மாற்றிக் கிளிக் செய்து பாருங்கள். ஐந்து நாளுக்கு அப்பால் இரண்டும் வேறு வேறு ஊரில் புயலைக் கரை ஏற்றும். 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கரைக்கு வந்தபின் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. மாடல்களை நான் குறை சொல்லவில்லை. பத்தாவது நாள் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

அலையின் உயரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. "அலை உயரம் 2.5 மீட்டர்" என்று போட்டிருந்தால் எல்லா அலையும் அந்த உயரம் என்றோ, அதுதான் அதிகபட்சம் என்றோ பொருள் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அது. நடுவில் தனி அலை ஒன்று ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் வரக்கூடும்.

கரையில் காற்றே இல்லாமல் வரும் அலையும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த காற்று கிளப்பிய நீளமான அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். கேரளத்திலும் குமரியிலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. உள்நாட்டு ஊர்களிலிருந்து வேன் பிடித்துச் சுற்றுலா போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த எச்சரிக்கை வந்து சேருவதே இல்லை. கடற்கரைக்குக் கிளம்புமுன் இன்காய்ஸ் தளத்தை ஒரு நிமிடம் திறந்து பார்ப்பது பெரிய வேலை அல்ல.

கரையில் தெரியும், கடலில் தெரியாது

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கு டிவி சொன்னது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து பல நாள் தங்கல் தொழிலுக்குப் போன ஆழ்கடல் மீனவர்களுக்கு யார் சொல்வது? கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் செல்போன் சிக்னல் கிடையாது. விசைப்படகு ஒன்று மணிக்கு 7 நாட், அதாவது 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 300 கிலோமீட்டர் திரும்பி வரவே 23 மணி நேரம் ஆகும். அதுவும் அமைதியான கடலில். ஆகவே எச்சரிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு நாள் முன்னதாகவே படகைப் போய்ச் சேர வேண்டும். அந்தப் புயலில் இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள்.

அதன் பிறகு வந்த கருவிகளில் ஒன்று ஜெமினி. 2019 அக்டோபரில் இன்காய்ஸ் வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனுக்குக் கொடுக்கும். சிக்னல் கோபுரம் தேவையில்லை. ஆனால் இதில் செய்தி வரும், போகாது. ஆபத்தில் இருப்பவர் பதில் சொல்ல முடியாது. ஆபத்தைக் கரைக்குச் சொல்ல இஸ்ரோவின் டாட் கருவி 2010லிருந்து இருந்தது. அதில் பட்டனை அழுத்தியவருக்குத் தன் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024ல் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் பதில் செய்தி படகுக்குத் திரும்பி வருகிறது. நடுக்கடலில் "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பைக் கரையில் இருந்துகொண்டு அளக்க முடியாது. 2024 ஆகஸ்டில் இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் மத்திய அரசுத் திட்டமும் தொடங்கியது.

கம்ப்யூட்டரையும் கடலையும் இணைத்த பழைய உதாரணம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரப் படத்தை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இன்டர்நெட் நத்தை வேகத்தில் வந்த காலம் அது. 2004 டிசம்பர் 26 அன்று அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து சுனாமி பற்றிச் சொன்னார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து ஊர் மக்களை வெளியேற்றினார்கள். ஊர் தப்பியது. அன்று உதவியது விலை உயர்ந்த கருவி எதுவும் அல்ல, ஒரு மைக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்களும்.

அக்காவின் மகன் கப்பல்

பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்ற கருவி இருக்கும். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது சர்வதேச விதிப்படி கட்டாயம். கப்பலின் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் இது விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். மரைன் டிராஃபிக் போன்ற தளங்களில் கப்பல் பெயரைக் கொடுத்துத் தேடினால் மேப்பில் பார்க்கலாம். அக்காவுக்கும் அப்படித்தான் காட்டினேன். மறுநாள் காலையில் அவர் முகம் வாடி வந்தார். "தம்பி, கப்பலையே காணோமே!"

பயப்பட ஒன்றும் இல்லை. ஏஐஎஸ் வேலை செய்வது விஎச்எஃப் ரேடியோ அலையில். அது ஏறக்குறைய தொடுவானம் வரைதான் எட்டும். கரையிலுள்ள ஆன்டெனாவுக்குச் சுமார் 20 முதல் 40 கடல் மைல் வரை கிடைக்கும். அதைத் தாண்டினால் செயற்கைக்கோள்தான் பிடிக்க முடியும். அந்த வசதிக்குப் பெரும்பாலான தளங்கள் பணம் கேட்கும். எனவே இலவச மேப்பில் கப்பல் மறைந்தால் கப்பல் கரையை விட்டுத் தூரமாகப் போயிருக்கிறது என்றுதான் பொருள். கடைசியாகச் சிக்னல் வந்த நேரம் பக்கத்திலேயே போட்டிருக்கும். அங்கேயும் யுடிசியா என்று பாருங்கள். புயல் நேரத்தில் பெரிய கப்பல்கள் துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்குப் போவதும் வழக்கம்தான். கட்டிய இடத்தில் நின்று துறைமுகச் சுவரில் மோதுவதைவிட, இடம் இருக்கும் கடலில் புயலிலிருந்து விலகி நிற்பது நல்லது. சிறிய படகுக்கு இது பொருந்தாது. அது கரைக்குத்தான் வர வேண்டும்.

புயல் அன்று முதலில் போவது கரண்ட், அடுத்தது இன்டர்நெட். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலின்போது டெல்டாவின் பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே முதல் நாளே கடைசி அறிக்கையைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை முழுச் சார்ஜில் வையுங்கள். அதிலிருந்து யுஎஸ்பி கேபிள் மூலம் செல்போனைச் சார்ஜ் செய்யலாம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இருக்கிறதே என்று இடி மின்னலில் ஓட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பிராட்பேண்ட் மோடம் ஒயரையும் சேர்த்து. கடலில் யாராவது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. அழைக்கும்போது படகின் பதிவு எண், எத்தனை பேர், கடைசியாகத் தெரிந்த இடம், அது எந்த நேரத்தில் என்று நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். இடத்தைச் சொல்லும்போது டிகிரியா, நிமிடமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.